உறவும் பேச்சும் ஓட்டும் சாண்ட்பாக்ஸ் கேம்பெயின்: கதாபாத்திரம் உருவாக்க ஐந்து வழிகள், எது யாருக்குப் பொருந்தும்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் சண்டையும் சுரங்கமும் கொஞ்ச நாள் இருக்கட்டும், இந்த முறை ஒரே ஊர், அங்கே வாழும் மனிதர்கள், அவர்களுக்குள் இருக்கும் கடன், பகை, கல்யாணம், பதவி, இதை வைத்தே பல நாள் தொடரும் ஒரு சாண்ட்பாக்ஸ் கேம்பெயின் ஓட்டலாம் என்று முடிவெடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகின்றன. கதாபாத்திரங்களை எப்படி உருவாக்குவது? ஆளாளுக்கு வீட்டில் எழுதி வரச் சொல்லலாமா, பகடை உருட்டலாமா, ஆயத்தப் படிவம் கொடுக்கலாமா, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாமா? ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான அறிவுரைகள் வழக்கமான சாகச ஆட்டத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. உறவை மையமாக வைத்த சாண்ட்பாக்ஸுக்கு அவை அப்படியே பொருந்தாது.

சாண்ட்பாக்ஸில் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், கதையைத் தயார் செய்து வைப்பதில்லை, ஓர் இடத்தைத் தயார் செய்து வைக்கிறார். என்ன செய்வது என்று ஆட்டக்காரர்கள் முடிவெடுக்கிறார்கள். நிலவெளி சாண்ட்பாக்ஸ் என்றால் வரைபடத்தில் ஒரு பாழடைந்த கோட்டையாவது இருக்கும், போய்ப் பார்க்கலாம். உறவு சாண்ட்பாக்ஸில் அதுவும் கிடையாது. சுற்றிப் பார்க்க இருக்கும் நிலமே மனிதர்கள்தான். அதனால் கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாளில், எழுதப்படுவதுதான் பாதி வரைபடம். அங்கே உறவுகள் இல்லையென்றால் போக இடமே இல்லை.

எங்கள் குழு முதல் முறை இப்படித் தொடங்கியபோது ஐந்து பேரும் வீட்டில் எழுதி வந்தார்கள். நாடு கடத்தப்பட்ட இளவரசன், பெயரை மறைத்து வாழும் கொலையாளி, குருவைப் பறிகொடுத்த வைத்தியர், இப்படி ஐந்து பேர். ஒவ்வொன்றும் படிக்க நன்றாகவே இருந்தது. முதல் நாள் ஐவரும் ஒரு சத்திரத்துத் திண்ணையில் சந்தித்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச ஒரு காரணமும் இல்லை. மூன்று மணி நேரத்தில் சாப்பாடு வாங்கினார்கள், தங்க இடம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

தமிழில் பேசி ஆடும் குழுக்களில் இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரம் வெளியே வந்துவிடும். முதல் வாக்கியத்திலேயே ‘நீ’யா ‘நீங்க’ளா, ‘வாப்பா’வா ‘வாங்க மச்சான்’ என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். வயது, முறை, மரியாதை, பழைய மனத்தாங்கல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. தன் கதாபாத்திரத்துக்கு எதிரில் இருப்பவர் என்ன முறை வேண்டும் என்று தெரியாதவர் வாயைத் திறக்கவே தயங்குவார். அந்த இடத்தில் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’வை வைத்துச் சமாளித்துவிடலாம், தமிழில் முடியாது. ஆகவே உறவை முன்பே முடிவு செய்வது நமக்கு விருப்பம் சார்ந்த விஷயமாக இல்லை, மொழியே கேட்கிற விஷயமாக இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் மூன்றுக்கு எடை அதிகம்.

தங்களுக்குள் கட்டு. ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை, என்ன பாக்கி?

ஊரோடு கட்டு. ஊரில் கேம் மாஸ்டர் நடிக்கும் மனிதர்களோடு, அதாவது என்பிசிகளோடு, ஒவ்வொருவருக்கும் என்ன தொடர்பு? பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் எத்தனை பேர்?

முதல் நாள் உந்துதல். யாரும் வந்து வேலை கொடுக்காவிட்டாலும், விடிந்ததும் இந்த ஆள் எங்கே போவார், யாரைப் பார்ப்பார்?

கேம் மாஸ்டரின் சுமை. உருவாக்கும்போது ஆகும் நேரத்தை மட்டும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு செஷனிலும், அதாவது கூடி ஆடும் ஒவ்வொரு முறையும், நினைவில் வைத்து நடத்தவேண்டியதும் சேர்த்திதான்.

ஆள் மாறினால் தாங்குமா. பணிமாற்றம், குழந்தை, தேர்வு என்று யாராவது நின்றுவிடுவார்கள், புதிதாக யாராவது வருவார்கள். அப்போது கட்டுமானம் குலையாமல் இருக்குமா?

கதாபாத்திரம் எவ்வளவு வித்தியாசமானது என்பதை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. ஊர்ச் சுங்கச் சாவடியில் கணக்கு எழுதும் சாதாரண ஆள், அவருக்கு மூன்று பேரிடம் பாக்கி இருந்தால், தனியே நிற்கும் இளவரசனைவிடப் பத்து மடங்கு ஆட்டம் கொடுப்பார்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். உப்புத்துறை: ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சிறு துறைமுகம். உப்பளம், சுங்கச் சாவடி, சாயத்தொட்டிகள், படகுக்காரர் தெரு, ஒரு கோயில், ஒரு வட்டிக்கடை. ஆட்டக்காரர்கள் ஐவர்.

## 1. வீட்டில் தனியாக எழுதி வருவது

பலருக்கும் பழக்கமான வழி இதுதான். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்று பகடை உருட்டி ஆறு குணங்களுக்கு எண் போட்டால் பெருமளவு வேலை முடிந்தது. முன்கதை ஆட்டத்துக்குள்தான் பிறந்தது. பின்னாளில் முன்கதையை முன்கூட்டியே எழுதும் பழக்கம் வளர்ந்து, இரண்டு பக்கம், நான்கு பக்கம் என்று நீண்டது.

இதன் நல்ல பக்கம், எழுதுகிறவருக்குத் தன் கதாபாத்திரத்தின் மேல் உண்மையான பாசம் வருவது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தனியே யோசிக்கும்போது மிக நுட்பமான ஆட்களைக் கொண்டு வருவார்கள். வந்து சேர நேரம் இல்லாத குழுவுக்கும் இது வசதி.

மறைந்திருக்கும் செலவு கேம் மாஸ்டர் தலையில் விழுகிறது. ஐந்து முன்கதைகளில் ஐந்து ஊர்கள், ஐந்து வில்லன்கள். அவற்றை ஒன்றாகத் தைக்கும் வேலை முழுக்க ஒருவருக்கே. இன்னொன்றும் உண்டு: தனியாக எழுதப்படும் கதைகளில் நெருங்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இறந்திருப்பார்கள். பெற்றோர் தீயில் போனார்கள், ஊர் அழிந்தது, குரு கொல்லப்பட்டார். சாகச ஆட்டத்துக்கு அது சுதந்திரம். உறவு ஆட்டத்துக்கோ அது விதைநெல்லைத் தின்பது போல. உயிரோடு இருக்கும் அம்மா ஒருவர் ஒரு செஷனை ஓட்டுவார், இறந்துபோன அம்மாவைப் பற்றி ஒரு முறை பேசலாம்.

இந்த வழிதான் வேண்டும் என்றால் இரண்டு கட்டுப்பாடு போடுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். உப்புத்துறையில் இப்போது உயிரோடு இருக்கும் மூன்று பேரின் பெயர் அதில் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது கதாபாத்திரத்தின் மேல் கோபமாக இருக்க வேண்டும்.

## 2. புள்ளி கொடுத்து வாங்குவது

குர்ப்ஸ் (1986) என்ற ஆட்டம் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆளுக்கு இவ்வளவு புள்ளி என்று கொடுத்துவிடுவார்கள். திறமையைப் போலவே உறவையும் அந்தஸ்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். உதவிக்கு வரும் நண்பர் என்றால் புள்ளி செலவாகும். எதிரியோ, நம்மை நம்பி வாழும் தங்கையோ இருந்தால் அது குறைபாட்டுக் கணக்கில் சேர்ந்து புள்ளி திரும்பக் கிடைக்கும். வேம்பயர்: த மாஸ்கரேடு (1991) இதைச் சுருக்கி, கூட்டாளிகள், தொடர்புகள், செல்வம், வழிகாட்டி, அந்தஸ்து போன்றவற்றுக்குப் பங்கிட ஐந்து புள்ளி கொடுக்கிறது. நகர அரசியலை மையமாக வைத்த ஆட்டம் என்பதால் அந்த ஐந்து புள்ளி அங்கே பெரிய விஷயம்.

நியாயம் பற்றிக் கவலைப்படும் குழுவுக்கு இது பிடிக்கும். ஒருவர் ஜமீன்தார் மகள், இன்னொருவர் கூலி என்றாலும் கூலிக்காரருக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கிறது என்பது ஷீட்டிலேயே தெரியும்.

செலவு எங்கே? குர்ப்ஸில் நண்பரோ எதிரியோ இன்றைய செஷனில் தலைகாட்டுவாரா என்று மூன்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். 9 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் வருவார் என்று வைத்திருந்தால் வாய்ப்பு 37.5 சதவீதம். நான்கு ஆட்டக்காரர்கள், ஆளுக்கு இரண்டு பேர் என்றால் எட்டு உருட்டல், சராசரியாக ஒவ்வொரு செஷனிலும் மூன்று பேர் வந்து நிற்பார்கள். மூன்று பேருக்கும் இடம் கொடுத்தால் அன்றைய பொழுது அவர்களோடு போய்விடும், கொடுக்காவிட்டால் அந்த எதிரியால் கிடைத்த புள்ளி இலவசமாகிவிடும். அத்தோடு, புள்ளிக்காக எடுத்த எதிரியைக் கேம் மாஸ்டர் மறந்துவிடட்டும் என்று ஆட்டக்காரர் மனதுக்குள் நினைக்கத் தொடங்குவார். உறவு ஆட்டத்தில் எதிரி வந்தால் சந்தோஷப்பட வேண்டும். இந்த முறை அந்த மனநிலைக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது.

இன்னொரு குறை, தங்களுக்குள் கட்டு. புள்ளி ஊரோடு இணைக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு தானாக இணைக்காது. உங்கள் குழு விதிகளை விரும்பிப் படிக்கும் குழு, நீண்ட காலம் ஒரே சிஸ்டத்தில், அதாவது ஒரே விதித் தொகுப்பில், ஆடப் போகிறீர்கள், பதவியும் செல்வாக்கும் ஆட்டத்தில் எண்ணாகவே ஏறி இறங்க வேண்டும் என்றால் இதை எடுக்கலாம். மற்றபடி, உறவுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு புள்ளிக் கணக்கை வேம்பயர் பாணியில் வைத்துக்கொண்டாலே போதும்.

## 3. வாழ்க்கைப் பாதை

இந்த வழியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கதாபாத்திரத்தின் இதுவரையிலான வாழ்க்கையையே ஓர் ஆட்டமாக ஆடிப் பார்ப்பதுதான் இது.

1977ல் வந்த டிராவலர் இதற்கு முன்னோடி. 18 வயதில் தொடங்கி நான்கு நான்கு ஆண்டுப் பணிக்காலமாக வாழ்க்கை ஓடும். கடற்படை, தரைப்படை, வணிகம் என்று ஏதாவது ஒன்றில் சேரலாம். ஒவ்வொரு பணிக்காலத்திலும் பிழைத்தோமா என்று உருட்ட வேண்டும், தவறினால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் இறந்துவிடுவார். நீண்ட காலம் பணியில் இருந்தால் திறமை கூடும், ஆனால் 34 வயதிலிருந்து முதுமை உடலைத் தின்னத் தொடங்கும். வலிமை, கல்வி ஆகியவற்றுக்குச் சமமாகச் சமூக அந்தஸ்தையும் ஆறு அடிப்படைக் குணங்களில் ஒன்றாக வைத்த ஆட்டம் அது.

உறவு ஆட்டத்துக்கு மங்கூஸ் நிறுவனம் 2008ல் வெளியிட்ட அதன் பதிப்பு இன்னும் நெருக்கமானது. அங்கே சாவுக்குப் பதில் பணியிலிருந்து விரட்டும் விபத்து வரும். வாழ்க்கைச் சம்பவங்கள் தொடர்புகளையும், கூட்டாளிகளையும், போட்டியாளர்களையும், எதிரிகளையும் கொடுக்கும். அப்புறம் ஓர் அருமையான விதி: உங்களுக்கு நடந்த சம்பவத்தில் இன்னொரு ஆட்டக்காரரின் கதாபாத்திரமும் இருந்தார் என்று இருவரும் ஒத்துக்கொண்டால், இருவருக்கும் ஒரு திறமை கூடுதலாகக் கிடைக்கும். உறவு ஏற்படுத்திக்கொள்வதற்கே பரிசு. பர்னிங் வீல் (2002) வேறு கோணத்தில் போகிறது. கதாபாத்திரம் கடந்து வந்த வாழ்க்கைப் பாதைகளை வைத்தே, ஆட்டத்தின் நடுவில் ‘எனக்குத் துறைமுகத்தில் ஒரு ஆள் தெரியும்’ என்று சொல்லிப் பகடை உருட்டலாம். தவறினால் ஆள் கிடைக்காமல் போகலாம், அல்லது கிடைத்தும் அவர் உங்கள் மேல் பகையோடு இருக்கலாம் என்று கேம் மாஸ்டர் முடிவு செய்யலாம்.

இதன் பெரிய பலம், யாரும் திட்டமிட்டிருக்க முடியாத உறவுகள் பிறப்பது. எழுதச் சொன்னால் நாம் எல்லாரும் நமக்குப் பிடித்த ஆளைத்தான் எழுதுவோம். பகடை நம்மை வேலை இழக்க வைக்கும், கடனாளியாக்கும். அந்தத் தழும்புகளிலிருந்துதான் முதல் நாள் உந்துதல் வரும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கு ஒரு முழு மாலை போய்விடும். வயதும் அந்தஸ்தும் ஏறுமாறாக விழும். ஒருவர் 22 வயதில் ஒன்றுமில்லாமல் நிற்பார், இன்னொருவர் 46 வயதில் பட்டத்தோடு நிற்பார். உறவு ஆட்டத்துக்கு இது கெடுதல் இல்லை, நல்லதுகூட. ஆனால் சமமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் வருத்தப்படுவார். மிகப் பெரிய செலவு, அட்டவணைகள் உங்கள் ஊருக்கானவை அல்ல என்பது. டிராவலரின் அட்டவணை விண்வெளிக்கு எழுதப்பட்டது. உப்புத்துறைக்கு நீங்களே எழுத வேண்டும்: ஆறு தொழில், தொழிலுக்கு ஆறு சம்பவம், மொத்தம் 36 வரி. ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். ‘சாவடியில் தீ பிடித்தது’ என்பது வெறும் செய்தி. ‘சாவடியில் தீ பிடித்தபோது கணக்கு நோட்டைக் காப்பாற்றினாய், உள்ளே இருந்த காவலாளியைக் காப்பாற்றவில்லை, அவர் மகன் இப்போது படகுக்காரர் தெருவில் இருக்கிறான்’ என்றால் அதில் இரண்டு மாத ஆட்டம் இருக்கிறது.

## 4. ஆயத்த ஏடு

அபோகலிப்ஸ் வேர்ல்டு (2010) பரவலாக்கிய முறை. பிளேபுக் என்பார்கள். ஒரு வகைப் பாத்திரத்துக்கு ஒரு மடிப்புத்தாள்: பெயர்ப் பட்டியல், தோற்றம், திறமைகள், மற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அதிலேயே இருக்கும். வட்டமிட்டுக்கொண்டே போனால் முக்கால் மணி நேரத்தில் ஆள் தயார். கடைசியில் ‘ஹிஸ்டரி’ என்று ஒரு சுற்று வரும். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எண் போடுவீர்கள். நீங்கள் அவரை அறிந்த அளவும் அவர் உங்களை அறிந்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உறவைப் பற்றி மிகச் சரியாகக் கவனித்த விதி இது.

பிளேட்ஸ் இன் த டார்க் (2017) ஊரோடு கட்டுவதை இன்னும் உறுதியாகச் செய்கிறது. ஏட்டில் இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு நெருங்கிய நண்பர், ஒரு போட்டியாளர் என்று இருவரைக் குறிக்க வேண்டும். குழுவுக்கே தனியாக ஓர் ஏடு உண்டு. அதை நிரப்பும்போது ஊரின் கோஷ்டிகளில் யார் நம் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரையிலான கணக்கு தொடங்கிவிடும்.

புதியவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. விதி படிக்க வேண்டாம், கற்பனை வறண்டுபோனால் பட்டியல் கைகொடுக்கும். நடுவில் ஒருவர் சேர்ந்தாலும் ஓர் ஏட்டைக் கொடுத்து அன்றே உட்கார வைத்துவிடலாம்.

ஆனால் ஏட்டுக்குள் ஓர் உலகமும் ஒரு கதைவகையும் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அழிந்த உலகத்துக்கோ திருட்டுக் கும்பலுக்கோ எழுதிய ஏட்டை உப்புத்துறைக்குப் போட்டால் இடிக்கும். சொந்தமாக ஏடு எழுதுவதோ, 36 வரி அட்டவணை எழுதுவதைவிடப் பல மடங்கு வேலை. ஒவ்வொரு ஏட்டுக்கும் தனித் திறமைகள் வேண்டும், ஒன்று இன்னொன்றை விழுங்கக் கூடாது. வெளியான ஆட்டத்தை அதன் உலகத்தோடு சேர்த்து ஆடத் தயார் என்றால் மட்டும் இந்த வழி. இல்லையென்றால் கேள்விகளை மட்டும் இரவல் வாங்குங்கள்.

## 5. உறவை முதலில் போடுவது

இங்கே ‘நீ யார்’ என்ற கேள்வி கடைசியில்தான் வரும். ‘இவர் உனக்கு யார்’ என்பது முதலில்.

ஃபியாஸ்கோ (2009) இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இருவருக்கும் இடையே ஓர் உறவைப் போட்ட பிறகுதான் கதாபாத்திரங்களுக்குப் பெயரே வரும். ஒரே இரவில் முடியும் ஆட்டம் அது, கேம் மாஸ்டரும் கிடையாது. ஆனால் அந்தத் தொடக்கத்தை எந்த நீண்ட கேம்பெயினுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஃபேட் கோரில் (2013) உங்கள் முதல் சாகசத்தைச் சொன்ன பிறகு, வேறு இருவரின் கதையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். ஹில்ஃபோக் (2013) இன்னும் ஆழமாகப் போகிறது. இன்னொரு கதாபாத்திரத்திடமிருந்து உங்களுக்கு மனதளவில் என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அது ஏன் கிடைக்கவில்லை என்பதும் அங்கேயே முடிவாகிறது. ‘அக்கா என்னைப் பெரியவனாக மதிக்க வேண்டும்.’ ‘அப்பா கொடுத்த படகை நீ விற்றதை இன்னும் மறக்க முடியவில்லை.’ இரண்டே வரி. இதற்கு மேல் இருவருக்கும் முன்கதை தேவையே இல்லை.

தமிழில் ஆடுகிறவர்களுக்கு இந்த வழியில் ஓர் அனுகூலம் இருக்கிறது. நம் உறவுச் சொற்கள் வெறும் பெயர்கள் இல்லை, ஒவ்வொன்றிலும் உரிமையும் கடமையும் சேர்ந்தே இருக்கிறது. ‘பங்காளி’ என்றதும் சொத்துப் பாகமும் வரப்புத் தகராறும் கூடவே வந்துவிடும். ‘தாய்மாமன்’ என்றால் சீர் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் ஊர் பேசும். ‘சம்பந்தி’ என்றால் மரியாதையில் இம்மி குறைந்தாலும் மனத்தாங்கல். ‘கஸின்’ என்று எழுதினால் இதில் எதுவும் வராது. ஷீட்டில் ‘உறவு’ என்ற கட்டத்துக்குப் பதில் ‘இவரை எப்படிக் கூப்பிடுவேன், இவர் என்னை எப்படிக் கூப்பிடுவார்’ என்று இரண்டு கட்டம் போட்டுப் பாருங்கள். எங்கள் இரண்டாவது கேம்பெயினில் இதைத்தான் செய்தோம். இருவர் சம்பந்தி முறை என்று முடிவானதும், கல்யாணத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எத்தனை உறவு போடுவது? ஐந்து பேர் என்றால் பத்து ஜோடி. பத்தையும் நிரப்பாதீர்கள், யாருக்கும் நினைவில் நிற்காது. உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் பக்கத்தில் இருப்பவரோடு ஒன்று, மொத்தம் ஐந்து. மீதி ஐந்து ஆட்டத்தில் தானாக வரட்டும்.

இந்த வழியின் செலவுகளை யாரும் அதிகம் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது, ஐவரும் தங்களுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருப்பார்கள். ஊர் வெறும் திரைச்சீலையாகிவிடும், கேம் மாஸ்டர் பார்வையாளராகிவிடுவார். இரண்டாவது, ஒருவர் வராவிட்டால் வட்டத்தில் இரண்டு கண்ணி அறுந்து தொங்கும். மூன்றாவதுதான் முக்கியம். குடும்பச் சண்டையை நடிக்கும்போது சொந்தக் குடும்பம் நினைவுக்கு வரும். நம் ஊர் போன்ற ஒரு ஊரை உருவாக்கினால் தொழில், தெரு, கல்யாணம் என்று பேசத் தொடங்கிய அரை மணி நேரத்தில் சாதி வந்து நிற்கும். அதை ஆட்டத்தில் வைப்பதா, வைத்தால் எந்த எல்லைவரை என்று முன்பே வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். மேசையில் ஒருவருக்கு அது கற்பனையாக இல்லாமல் நேற்று நடந்த விஷயமாக இருக்கலாம். ‘இவை வேண்டாம்’ என்று ஆளுக்கு ஒரு பட்டியலைக் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நிஜத்தில் கணவன் மனைவியாகவோ, மேலதிகாரியும் ஊழியருமாகவோ இருப்பவர்களை வட்டத்தில் பக்கத்தில் உட்கார வைக்காமல் இருப்பதும் நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | தங்களுக்குள் கட்டு | ஊரோடு கட்டு | முதல் நாள் உந்துதல் | கேம் மாஸ்டர் சுமை | ஆள் மாறினால் |
|---|---|---|---|---|---|
| வீட்டில் எழுதுவது | மிகக் குறைவு | எழுதியவரைப் பொறுத்தது | குறைவு | பின்னால் மிக அதிகம் | பாதிப்பில்லை |
| புள்ளி | குறைவு | நன்று | நடுத்தரம் | ஒவ்வொரு செஷனிலும் உண்டு | பாதிப்பு குறைவு |
| வாழ்க்கைப் பாதை | நடுத்தரம். பரிசு விதி இருந்தால் நன்று | மிக நன்று | மிக நன்று | முன்னால் அதிகம், பின்னால் குறைவு | தாங்கும் |
| ஆயத்த ஏடு | நன்று | நன்று | நன்று | குறைவு. சொந்தமாக எழுதினால் மிக அதிகம் | நன்றாகத் தாங்கும் |
| உறவு முதலில் | மிக நன்று | குறைவு | மிக நன்று | குறைவு | குலையும் |

## உங்கள் குழுவுக்கு எது

முதல் முறை ஆடும் நண்பர்கள், ஆறேழு செஷன்தான் திட்டம் என்றால் வெளியான ஓர் ஆட்டத்தின் ஆயத்த ஏடுகளை எடுத்துக்கொண்டு அந்த உலகத்திலேயே ஆடுங்கள்.

ஒருவரையொருவர் நன்றாக அறிந்த மூன்று நான்கு பேர், தவறாமல் வருவார்கள், பேசிப் பழகியவர்கள் என்றால் உறவை முதலில் போடுங்கள். நான்கு பேருக்கு மேல் போனால் அது மட்டும் போதாது.

மாதம் ஒரு முறைதான் கூடுகிறீர்கள், யார் வருவார் என்று உறுதியில்லை என்றால் வாழ்க்கைப் பாதை நல்லது. ஊரோடு கட்டு பலமாக இருப்பதால் யார் வந்தாலும் அவருக்கு ஊரில் வேலை இருக்கும். அதோடு ஆர்ஸ் மேஜிகா (1987) காட்டிய வழியையும் யோசியுங்கள். அங்கே ஓர் ஆட்டக்காரருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதாபாத்திரங்கள் உண்டு, அன்றைய நிலைமைக்கு ஏற்றவரை எடுத்து ஆடுவார்கள். உப்புத்துறையில் ஆளுக்கு ஒரு முக்கிய ஆள், இன்னொருவர் வீட்டில் ஒரு சின்ன ஆள் என்று இருவரை வைத்துக்கொண்டால், வராதவரின் வீடும் ஆட்டத்தில் உயிரோடு இருக்கும்.

எங்களைப் போல ஐந்து பேர், வருடக்கணக்கில் ஆட ஆசை, ஊரையும் நாங்களே உருவாக்குவோம் என்றால், இரண்டைச் சேர்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். அட்டவணையின் மூன்றாவது வரியையும் ஐந்தாவது வரியையும் பாருங்கள், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் ஊர், ஆளுக்கு ஓர் இடமும் அதில் ஒரு மனிதரும் சொல்ல வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் உறவு வட்டம். பிறகு நீங்கள் எழுதிய 36 வரியில் ஆளுக்கு இரண்டு உருட்டல். இன்னொரு கதாபாத்திரத்தைத் தன் சம்பவத்துக்குள் இழுப்பவருக்கு ஒரு சலுகை. எண்களும் திறமைகளும் கடைசியில், எந்த சிஸ்டமானாலும் சரி.

இதற்குப் பிறகு கேம் மாஸ்டர் தனியே செய்ய வேண்டியது முக்கோணம் போடுவது. அபோகலிப்ஸ் வேர்ல்டு சொல்லித்தரும் உத்தி இது: ஊரில் இருக்கும் ஒரே மனிதர் இரண்டு கதாபாத்திரங்களுக்கு இரண்டு விதமாக இருக்க வேண்டும். வட்டிக்கடைக்காரர் ஒருவருக்குக் கழுத்தை நெரிப்பவர், இன்னொருவருக்குப் படிக்க வைத்த சித்தப்பா. இப்படி நான்கைந்து பேர் இருந்தால் வட்டம் தனக்குள்ளேயே சுழலாது, ஊருக்குள் இழுபடும்.

கூடவே ஒரு மொய் நோட்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். யார் எவ்வளவு செய்தார், திருப்பிச் செய்தாயிற்றா என்பது எழுத்தில் இருக்கிறது, தலைமுறை தாண்டியும் கேட்கும். ஆட்டத்தில் யார் யாருக்கு என்ன உதவி செய்தாலும் அதில் ஒரு வரி எழுதுங்கள், மேசை நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். அடுத்து என்ன செய்வது என்று யாரும் தேங்கி நின்றால் நோட்டைத் திறந்தால் போதும்.

ஆட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. காலையில் தெருவில் எதிரெதிரே வருவதாக வைத்துக்கொண்டு, வட்டத்தில் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு வரி பேசட்டும். ‘என்ன மாப்ள, ஆளையே காணோம்’, ‘வாங்க சம்பந்தி’, அல்லது ஒன்றும் பேசாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்து போவது. ஏதாவது ஒரு ஜோடி இங்கே தடுமாறினால் அந்த உறவை மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.